நாடகம் மறுபடி வரட்டும், மொழிபெயர்ப்பாளர் மட்டும் மாறட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மட்டக்களப்பில் இளைஞர் குழு ஒன்று போன மாதம் மேடையேற்றிய நகைச்சுவை நாடகத்தைக் கண்டித்து உங்கள் பத்திரிகையில் வந்த கடிதத்தைப் படித்தேன். சுனாமிக்குப் பிறகு நிவாரணத்தோடு வந்த வெள்ளைக்காரர்களையும், கோயில், பள்ளிவாசல், கிறிஸ்தவ சபை என்று மூன்று பக்கமும் நின்று அவர்களை இழுத்த நம் ஊர்ப் பெரியவர்களையும் கிண்டல் செய்யும் நாடகம் அது. கடிதம் எழுதியவர் இரண்டு குறை சொல்லியிருந்தார். ஆபத்து நேரத்தில் கைகொடுத்தவர்களைப் பார்த்துச் சிரிப்பது நன்றிகெட்ட வேலை என்பது ஒன்று. 2019 உயிர்த்த ஞாயிறன்று சீயோன் தேவாலயக் குண்டுவெடிப்பில் பிள்ளைகளைப் பறிகொடுத்த ஊரில் மதத்தை மேடையில் வைத்து விளையாடக் கூடாது என்பது மற்றது. ஆகவே அடுத்த காட்சிக்கு யாரும் மண்டபம் கொடுக்கக் கூடாது என்று முடித்திருந்தார்.

நான் அந்த நாடகத்தை மூன்றாவது வரிசையில் இருந்து பார்த்தவன். மண்டபம் கொடுக்கத்தான் வேண்டும் என்பது என் பக்கம். ஆனால் நாடகத்தில் வரும் ஒரு பாத்திரம் அன்றிரவு என்னைத் தூங்கவிடவில்லை. அது மொழிபெயர்ப்பாளர். 2005 ஜனவரி தொடக்கம் 2007 நடுப்பகுதி வரை நான் ஒரு வெளிநாட்டு நிறுவனத்தில் அந்த வேலையைச் செய்தேன். அதற்கு முன்னும் பின்னும் ஆங்கில ஆசிரியர்.

நாடகம் பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு ஒழுங்கைக்கு இந்தப் பக்கம் தமிழ்க் கிராமம், அந்தப் பக்கம் முஸ்லிம் கிராமம். தொப்பி போட்ட ஒரு வெள்ளைக்காரப் பெண்ணும் அவருக்கு மேலதிகாரியாக ஒரு நெட்டை மனிதரும் வந்து இறங்குகிறார்கள். எல்லாரும் ஒரே தாங்கியில் தண்ணீர் குடித்தால் சண்டை வராது என்பது அவர்கள் எண்ணம். ஒழுங்கைக்கு நடுவே ஒரு தண்ணீர்த் தாங்கி எழும்புகிறது. குழாய் கோயில் பக்கம் திரும்பியிருக்க வேண்டும் என்கிறார் கோயில் நிர்வாகியான வண்ணக்கர். தொழுகைக்கு முன் கைகால் கழுவி ஒளுச் செய்ய வசதியாகப் பள்ளிவாசல் பக்கம் வேண்டும் என்கிறார் பள்ளிவாசல் நிர்வாகியான மரைக்கார். குழாய் எந்தப் பக்கமும் இருக்கட்டும், தாங்கியில் ஒரு வேத வசனம் எழுத வேண்டும் என்கிறார் பாஸ்டர். கடைசியில் மூன்று குழாய் பூட்டி, தாங்கியை விடப் பெரிய பெயர்ப்பலகை நட்டு, நாடா வெட்டிப் படமும் எடுக்கிறார்கள். அப்போது வாளியோடு நிற்கும் ஒரு கிழவி, "தண்ணி எங்கிருந்து வரும்?" என்று கேட்கிறார். கிணறு வெட்ட எல்லாரும் மறந்துவிட்டார்கள்.

மண்டபமே அதிர்ந்தது. என் பக்கத்தில் இருந்த ஓய்வுபெற்ற கிராம சேவகர் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். முஸ்லிம் குடும்பங்கள் சில பின்வரிசைகளில் இருந்தன, அவர்களும் சிரித்தார்கள். மரைக்காராக நடித்த தம்பி வசனத்தை மறந்தபோது எடுத்துக் கொடுத்ததே அந்தப் பின்வரிசையில் இருந்த ஒருவர்தான். மதத்தைப் புண்படுத்தும் நாடகமென்றால் அங்கே அப்படி நடந்திருக்காது.

நன்றி பற்றியும் ஒரு வார்த்தை. அந்த நாடகத்தில் வந்த தாங்கியை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். 2006இல் ஒரு கிராமத்தில் தாங்கி கட்டி, நிறம் பூசி, திறப்பு விழாவும் முடிந்து, மோட்டருக்கு மின்சாரம் எடுக்கும் செலவை யார் கட்டுவது என்று தீராமல் அது காய்ந்தபடி நின்றது. பங்குனி வெயிலில் எங்கள் அலுவலக வாசலில் வந்து இறங்கிய மூட்டைகளைப் பிரித்தபோது கம்பளிச் சட்டைகள் இருந்தன. சில கரைகளில் கடல் கொண்டுபோனதை விடக் கூடுதலாக வள்ளங்கள் வந்தன. பக்கத்துக் கரையில் ஒரு வள்ளமும் இல்லாமல் ஆட்கள் கரைவலைக்குக் கூலிக்குப் போனார்கள். இதையெல்லாம் இருபது வருடமாக வீட்டுக்குள் பேசிச் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறோம். இளைஞர்கள் அதை மேடைக்குக் கொண்டு வந்தார்கள், அவ்வளவுதான்.

அதோடு இது நம் ஊருக்குப் புதிதும் அல்ல. மகிடிக் கூத்துப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். வெளியூரிலிருந்து பெரிய மந்திரவாதி வந்து தன் வித்தையைக் காட்டுவதும், ஊர்க்காரர் அவரோடு மோதுவதும், இரண்டு பக்கத்தையும் பார்த்துச் சனம் சிரிப்பதும்தான் மகிடி. பெட்டி பெட்டியாகச் சாமான்களோடு வந்து இறங்கிய நிறுவனக்காரரை அந்த இடத்தில் வைத்துப் பார்ப்பது எங்கள் ஆட்களுக்கு இயல்பாக வரும். கல்லடியில் விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தை வைத்துக்கொண்டு, கூத்தை மீட்டெடுத்தோம் என்று பெருமையும் பேசிக்கொண்டு, கூத்தின் கிண்டல் மட்டும் வேண்டாம் என்று சொல்வது சரியில்லை.

சரி, இப்போது என் மனக்குறைக்கு வருகிறேன்.

முதலாவது சின்னது. சண்டையே வெள்ளைக்காரரோடு விமானத்தில் வந்து இறங்கியது போல நாடகம் காட்டுகிறது. அப்படியல்ல. 1990 ஆகஸ்ட் 3ஆம் திகதி இரவு காத்தான்குடிப் பள்ளிவாசல்கள் இரண்டில் தொழுகையில் இருந்தவர்கள் நூற்றுக்கு மேல் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ஒரு கிழமை கழித்து ஏறாவூரில் முஸ்லிம் சனம். செப்டம்பர் 9ஆம் திகதி சத்துருக்கொண்டானில் தமிழ்ச் சனம், குழந்தைகளோடு. அந்த வருடத்தை உயிரோடு தாண்டியவர்கள்தான் 2005இல் நிவாரணக் கூட்டங்களுக்கு வந்து கதிரையில் இருந்தார்கள். ஒவ்வொருவர் மடியிலும் பதினைந்து வருடத்துக்கு முந்திய ஒரு சாவு இருந்தது. மதமாற்றப் பயமும் அப்படித்தான். கட்டாய மதமாற்றத்தைத் தடுக்க பௌத்த பிக்குகளின் கட்சியான ஜாதிக ஹெல உறுமய சட்டமூலம் கொண்டுவந்தது 2004இன் நடுவில், கடல் பொங்குவதற்குச் சில மாதம் முன்னால். அதை எதிர்த்து உயர் நீதிமன்றம் வரை போனார்கள். நெருப்பு ஏற்கனவே கிடந்தது. வந்தவர்களுக்கு அது தெரியாது. தெரியாமல் விறகைக் கொண்டுவந்து இறக்கினார்கள். நாடகத்தின் முதற்காட்சியிலேயே இதற்கு ஒரு வரி வைக்கலாம்.

அப்புறம் அந்தப் படிவக் காட்சி. வெள்ளைக்காரப் பெண் படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு, 'இனம்' என்ற கட்டத்தில் தமிழர் என்று இருக்கிறது, முஸ்லிம் என்றும் இருக்கிறது, ஒன்று பாஷை, மற்றது மதம், இரண்டும் எப்படி ஒரே கட்டத்தில் வரும் என்று கேட்பாரே, அதற்கும் நல்ல சிரிப்பு. என்னிடம் உண்மையாகவே ஒரு பெண் பொறியியலாளர் அதைக் கேட்டார். அவருக்கு இருபத்தேழு வயதிருக்கும். "இவர் வீட்டில் தமிழ் பேசுகிறார், தமிழ்ப் பேப்பர் வாசிக்கிறார், பிறகு ஏன் தமிழர் இல்லை?" என்று கேட்டார். நாடகத்தில் மொழிபெயர்ப்பாளர் தலையைச் சொறிந்துவிட்டுப் போய்விடுகிறார். நான் அன்றைக்குத் தொடங்கி மூன்று நாள் வாகனத்தில் போகும்போதும் வரும்போதும் அவருக்கு விளக்கினேன். குடிசனக் கணக்கெடுப்பில் சோனகர் தனி இனமாக எழுதப்படுவது, எங்கள் பக்கத்துத் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் தாய்வழிக் குடிமுறை பொதுவாக இருப்பது, 1990 இரண்டு பக்கத்தையும் எப்படி வேறாக்கியது என்று எல்லாம் சொன்னேன். அவர் ஒரு சின்னக் குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டே வந்தார். மூன்றாம் நாள், "அப்படியென்றால் நாங்கள் ஒரே கூட்டத்துக்கு இரண்டு ஊரையும் கூப்பிட்டது பிழையா?" என்று கேட்டார். அதைக் கேட்க அவருக்கு மனம் இருந்தது. மேடையில் வந்த வெள்ளைக்காரருக்கு அந்த மனம் இல்லை. எல்லாரையும் ஒரே அச்சில் வார்த்துவிட்டார்கள்.

ஆனால் வெள்ளைக்காரரை நான் வந்து காப்பாற்ற வேண்டியதில்லை. நான் பேச வந்தது அவர்களுக்குப் பக்கத்தில் நின்றவனைப் பற்றி.

நாடகத்தில் மொழிபெயர்ப்பாளர் சட்டைப்பையில் நாலு பேனாவோடு வருகிறார். கிழவி ஏசினால் "அம்மா வாழ்த்துகிறார்" என்கிறார். மரைக்கார் ஏசினால் "ஐயா மகிழ்ச்சியடைகிறார்" என்கிறார். ஒவ்வொரு பொய்க்கும் நெட்டை மனிதர் ஒரு டொலர் நோட்டை அவர் பையில் திணிக்கிறார். கடைசியில் வெள்ளைக்காரர் விமானம் ஏறும்போது இவர் விசாக் கேட்டு அவர்கள் பெட்டியைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறார். அதற்குத்தான் அன்று எல்லாவற்றையும் விடப் பெரிய கைதட்டல்.

பொய் சொன்னோமா என்று கேட்டால், ஆம், சொன்னோம். அதை மறைக்க நான் வரவில்லை. அந்தப் பொய் எங்கிருந்து வந்தது, அதற்கு என்ன விலை போனது என்று அந்தத் தம்பிமாருக்குத் தெரியாது. அப்போது அவர்கள் குழந்தைகள். ஆகவே இரண்டு சம்பவம் சொல்கிறேன்.

2005 வைகாசியில் ஒரு வள்ளக் கூட்டம். 22 வள்ளம் வந்திருக்கிறது, இரண்டு ஊரிலிருந்தும் 41 பெயர். பாடசாலை மண்டபத்தில் இரண்டு பக்கமாகக் கதிரை போட்டு இருந்தார்கள். தமிழ்ப் பக்கத்தில் ஒரு வயதானவர் எழும்பி, "அவங்கட பள்ளிக்குப் பின்னால போட் ஒளிச்சி வெச்சிருக்காங்க, போய்ப் பாருங்க" என்றார். அந்தப் பக்கத்திலிருந்து ஒரு காக்கா, அதாவது வயதில் மூத்த முஸ்லிம் ஒருவர், "எங்கட பள்ளியப் பத்திப் பேச உங்களுக்கு வாய் இருக்கா? தொண்ணூறாம் ஆண்டு மறந்து போச்சா?" என்று திருப்பிக் கேட்டார். இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த மண்டபத்தில் இருந்த இரண்டு ஊராருக்கும் தமிழ் தெரியும். ஒரு சொல் தப்பாமல் எல்லாருக்கும் பட்டுவிட்டது. விளங்காமல் இருந்தவர் ஒரே ஒருவர், மேசைக்குப் பின்னால் இருந்த எங்கள் மேலதிகாரி. என்ன சொல்கிறார்கள் என்று என்னைக் கேட்டார். நான், வள்ளப் பதிவு சரியில்லை என்று இரண்டு பக்கமும் குறை சொல்கிறார்கள் என்றேன். அவருக்குச் சலித்துவிட்டது. இவர்கள் ஒத்துவராவிட்டால் வள்ளத்தை வேறு ஊருக்கு அனுப்பிவிடுவேன் என்று சொல்லு என்றார். அதை அப்படியே தமிழில் சொல்லியிருந்தால் அந்தக் கதிரைகள் பறந்திருக்கும். இரண்டு பக்கமும் மற்றப் பக்கத்தால்தான் வள்ளம் போனது என்று அடித்துக்கொண்டிருப்பார்கள். நான், "பதிவை இரண்டு ஊரிலிருந்தும் மூன்று மூன்று பேர் சேர்ந்து திருத்தினால் அடுத்த கிழமை வள்ளம் இறக்கலாம் என்கிறார்" என்று சொன்னேன். அவர் அப்படிச் சொல்லவேயில்லை. ஆறு பேர் முன்னால் வந்தார்கள். எழும்பிப் பேசிய கிழவரும் அந்தக் காக்காவும் அந்த ஆறு பேரில் இருந்தார்கள். மாலை ஆறு மணிவரை பெயர் பெயராகப் பார்த்தார்கள். மேலதிகாரி தன் அறிக்கையில் அது தன் யோசனை என்று எழுதினார். நான் ஒன்றும் சொல்லவில்லை. என் ஒப்பந்தம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுவது, சம்பளம் ரூபாயில். டொலரை நான் கையால் தொட்டதில்லை.

மற்றச் சம்பவம் அதற்கும் முந்தியது, மாசி மாதம். இதை என் மனைவியைத் தவிர யாருக்கும் நான் முழுதாகச் சொன்னதில்லை.

வெளிநாட்டிலிருந்து ஒரு சின்னச் சபைக் குழு பாடசாலைப் பைகளோடு வந்திருந்தது. அவர்களிடம் மொழிபெயர்க்க ஆள் இல்லை என்று எங்கள் நிறுவனம் என்னையும் ஒரு லொறியையும் சாரதியையும் ஒரு நாளைக்கு இரவல் கொடுத்தது. நல்ல பைகள். கொப்பி, பென்சில் பெட்டி, தண்ணீர்ப் போத்தல், எல்லாவற்றுக்கும் அடியில் தமிழில் அச்சடித்த ஒரு சின்ன வேத புத்தகம். உதவி எந்த மதக் கருத்தையும் வளர்க்கப் பயன்படக் கூடாது என்று செஞ்சிலுவை இயக்கமும் தொண்டு நிறுவனங்களும் 1994இல் சேர்ந்து எழுதிய நடத்தைக் கோவை சொல்கிறது. அதில் மூன்றாவது விதி அது. அந்தக் கோவையைத் தமிழில் எழுதி எங்கள் அலுவலகச் சுவரில் ஒட்டியவனே நான்தான். புத்தகத்தைக் கண்டதும் மனதில் பட்டது. ஆனால் லொறி ஏற்றியாகிவிட்டது, முகாமில் இருநூறு பிள்ளைகள் வெயிலில் வரிசையில் நிற்கிறார்கள், ஐந்து மணிக்கு முன்னால் ரோட்டுக்கு வந்துவிட வேண்டும்.

நாவலடிப் பக்கத்து அம்மா ஒருவர், கடல் கணவரையும் மூத்த மகனையும் கொண்டுபோய் மிஞ்சிய இரண்டு பிள்ளைகளோடு வந்தார். பையைத் திறந்து பார்த்தார். அடியில் இருந்த புத்தகத்தைக் கண்டார். அதைக் கையில் எடுக்காமல், விரலால் மட்டும் தொட்டுக்கொண்டு என்னைப் பார்த்துக் கேட்டார்: "இத எடுத்தா புள்ளைகள அவங்கட சபைக்கு அனுப்பணுமா மனே?"

பை கொடுத்துக்கொண்டிருந்த வெள்ளைக்காரப் பெண் அவர் என்ன சொல்கிறார் என்று கேட்டார். நான், நன்றி சொல்கிறார் என்றேன்.

அந்தப் பெண்ணுக்குக் கண் நிறைந்துவிட்டது. அம்மாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். அம்மா என்னைப் பார்த்தார். நான் அடுத்த பையை எடுத்தேன். தன் கேள்விக்கு அதுதான் பதில், அனுப்பத்தான் வேண்டும் என்று அவர் நினைத்திருப்பார். பையைத் தோளில் போடாமல், தன் உடம்பிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டு போனார். அந்த நடை இன்றைக்கும் என் கண்ணுக்குள் இருக்கிறது.

இல்லை அம்மா, ஒன்றும் அனுப்ப வேண்டியதில்லை, வேண்டாவிட்டால் புத்தகத்தை இங்கேயே வைத்துவிட்டுப் போங்கள் என்று நான் சொல்லியிருக்கலாம். அந்தக் கேள்வியை அப்படியே ஆங்கிலத்தில் சொல்லியிருந்தால் அந்தப் பெண்ணே பதறி, இல்லை என்று சொல்லியிருப்பார் என்றும் நினைக்கிறேன். அவர் கெட்டவர் இல்லை. இரண்டு பேருக்கும் நடுவில் கதவாக நின்றவன் நான். கதவைச் சாத்திவிட்டேன்.

மறுநாள் காலை முகாம் வாசலில் பைகள் குவித்துக் கொளுத்தப்பட்டிருந்தன. கோயில் இளைஞர்கள் சிலர் வந்து பறித்து எரித்ததாகச் சொன்னார்கள். எங்கள் லொறி அன்று வேறு வேலையாக, தறப்பாளோடு அதே முகாமுக்குப் போனது. முன்கண்ணாடியை உடைத்தார்கள். சாரதியின் நெற்றியில் ஆறு தையல். அவர் ஏறாவூர்த் தம்பி, முஸ்லிம். வேத புத்தகத்துக்கும் அவருக்கும் ஒரு தொடர்பும் இல்லை. ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டுக்கொண்டு இருந்தபோது, "சேர், அவங்களுக்கு என்ன கோபம்?" என்று என்னிடம் கேட்டார். அவருக்கும் நான் உண்மையைச் சொல்லவில்லை. பிரச்சினையை விசாரிக்க வந்த வெளிநாட்டு அதிகாரிகள் மூன்று மதத் தலைவர்களையும் கூப்பிட்டு ஒரு நாள் பயிலரங்கு வைத்தார்கள். அதற்கும் நான்தான் மொழிபெயர்த்தேன். அந்த அம்மாவை யாரும் கூப்பிடவில்லை.

இப்போது சொல்லுங்கள், "அம்மா வாழ்த்துகிறார்" என்று மேடையில் சொல்லும்போது நான் எப்படிச் சிரிப்பேன்?

இன்னொன்றும் அந்தக் குழு யோசிக்க வேண்டும். வெளிநாட்டவர் பக்கத்தில் நின்ற நம் ஆட்களை நாம் எவ்வளவு லேசாக மறந்துவிடுகிறோம் என்று பாருங்கள். புனித மைக்கேல் கல்லூரியில் கூடைப்பந்து பழக்கிய அமெரிக்க இயேசு சபைக் குருவானவர் யூஜின் ஹெபர்ட்டை மட்டக்களப்பில் வயதானவர்கள் எல்லாரும் அறிவார்கள். 1990 ஆகஸ்ட் 15ஆம் திகதி, ஊரெல்லாம் தமிழர் முஸ்லிம் என்று வெட்டுப்பட்டுக்கொண்டிருந்த கிழமை, வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்கு ஸ்கூட்டரில் புறப்பட்டவர் வந்து சேரவில்லை. இன்றுவரை தடயம் இல்லை. அவரோடு கூடப் போனவர் ஒருவர் இருந்தார், அவரும் வரவில்லை. பெர்ட்ரம் பிரான்சிஸ் என்ற தமிழ் இளைஞர். பாதர் பெயர் சொன்னால் தலையாட்டும் ஆட்களிடம் கூடப்போனவர் பெயரைக் கேட்டுப் பாருங்கள். பத்துப் பேரில் எட்டுப் பேர் யோசிப்பார்கள்.

அப்புறம் மூதூர். 2006 ஆகஸ்ட் 4ஆம் திகதி, பிரான்ஸ் நாட்டு அக்ஷன் பாம் நிறுவனத்தின் அலுவலக வளவுக்குள் 17 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். சுனாமிக்குப் பிந்திய தண்ணீர், சுகாதார வேலைக்குப் போனவர்கள். நிறுவனத்தின் பெயர் போட்ட சட்டையோடு முகம் குப்புறக் கிடந்தார்கள். 16 பேர் தமிழர், ஒருவர் முஸ்லிம். வெள்ளைக்காரர் ஒருவரும் அங்கே இல்லை. இன்றுவரை ஒருவருக்கும் தண்டனை இல்லை. அந்தச் செய்தி வந்த அன்று எங்கள் அலுவலகத்தில் யாரும் யாரோடும் பேசவில்லை. பிரச்சினை முற்றினால் வெளிநாட்டவரை எப்படி வெளியேற்றுவது என்று ஒரு திட்டம் அலுவலகக் கோப்பில் இருந்தது, அதை மொழிபெயர்த்துக் கொடுத்தவனும் நான். எங்களுக்கு அதில் ஒரு வரி இருந்தது, அவரவர் வீட்டுக்குப் போக வேண்டும் என்று. அடுத்த நாள் காலை நிறுவனத்தின் சட்டையைப் போடுவதா, சொந்தச் சட்டையைப் போடுவதா என்று அலுமாரிக்கு முன்னால் நின்றது எனக்கு நினைவிருக்கிறது. நிறுவனத்தின் சட்டையைத்தான் போட்டேன். என்னோடு வேலை செய்த பதினொரு பேரும் போட்டுக்கொண்டு வந்தார்கள்.

விமானம் ஏறுபவர்களின் பெட்டியில் தொங்குபவனைப் பார்த்துக் கைதட்டிய சனத்தில் அந்தப் பதினொரு பேரில் இரண்டு பேராவது இருந்திருப்பார்கள்.

இந்த நாடகம் நல்ல நாடகம், சந்தேகமில்லை. தாங்கிக் காட்சியை ஒரு எழுத்தும் மாற்ற வேண்டாம். வாளியோடு நின்ற கிழவியாக நடித்த பிள்ளைக்குப் பரிசே கொடுக்கலாம். தடுக்கச் சொல்பவர்களிடம் நான் கேட்பது, முதலில் போய்ப் பாருங்கள், பார்த்துவிட்டு எழுதுங்கள். குழுவில் இருக்கும் தம்பி தங்கச்சிமாரிடம் நான் கேட்பது, மொழிபெயர்ப்பாளரைத் திரும்ப எழுதுங்கள். வடமோடி, தென்மோடி என்ற நம் இரண்டு வகைக் கூத்திலும் அரசன் வருமுன்னே மேடைக்கு வருபவன் கட்டியகாரன். கொலுவுக்கு முன்னால் நின்று அரசன் வரவைச் சனத்துக்குச் சொல்பவன் அவன். உங்கள் நாடகத்தில் அந்த இடத்துக்கு இந்த மொழிபெயர்ப்பாளர் அளவெடுத்தது போலப் பொருந்துவார். அவர் சனத்தைப் பார்த்து ஒன்று சொல்லட்டும், வெள்ளைக்காரரைப் பார்த்து ஒன்று சொல்லட்டும், சிரிப்பு அப்படியே இருக்கட்டும். ஒரே ஒரு இடத்தில் மட்டும் அவர் பார்வையாளரைப் பார்த்து, அந்த அம்மா உண்மையில் என்ன கேட்டார் என்று சொல்லட்டும். சனம் சிரிப்பை நிறுத்தும். பிறகு தாங்கித் திறப்பு விழா வரட்டும்.

என் 2005, 2006 குறிப்புக் கொப்பிகள் ஐந்து இன்னும் கையில் இருக்கின்றன. கூட்டங்களில் யார் என்ன சொன்னார், நான் என்னவென்று மொழிபெயர்த்தேன் என்று இரண்டு நிரலாக எழுதி வைத்திருக்கிறேன். ஆட்களின் பெயர்களை வெட்டிவிட்டு அவற்றைக் குழுவுக்குத் தரத் தயார். ஒத்திகை எங்கே என்று உங்கள் பத்திரிகை மூலம் அறிவித்தால் நானே கொண்டுவருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர்,
ஆரையம்பதி.